செம்மண் பூமியில் ஏடிவி: முதல்முறை வாங்கியவர்களுக்கான பராமரிப்பு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் தோப்பும் தோட்டமும் வைத்திருப்பவர்களில் சிலர் இப்போது ஏடிவி (ஆல் டெரெய்ன் வெஹிகிள்) வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். மேடு பள்ளம், மணல், வரப்பு எதையும் பொருட்படுத்தாமல் ஓடும் இந்த நான்கு சக்கர வண்டியில் தேங்காய் மூட்டையை ஏற்றலாம். மருந்தடிக்கும் டிரம்மைக் கட்டிக்கொண்டு போகலாம். மோட்டார் அறைக்கும் வேலிக்கும் ஒரே நாளில் பலமுறை போய்வரலாம். வாங்கிய புதிதில் எந்தத் தொந்தரவும் இராது என்பதால், மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொள்வது போல இதையும் பார்த்துக்கொண்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது போதாது. மோட்டார் சைக்கிள் தார்ச்சாலையில் ஓடுகிறது. ஏடிவி நம்முடைய செம்மண்ணிலேயே கிடந்து உழல்கிறது.

இதை உரிமையாளரே கற்றுக்கொள்ள வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் விற்கப்படும் ஏடிவிகளில் பெரும்பாலானவை சாலையில் ஓட்டுவதற்கான பதிவு இல்லாதவை. எனவே சிறு கோளாறுக்கெல்லாம் தோப்பிலிருந்து ஊருக்குள் ஓட்டி வந்து பட்டறையில் நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் டாடா ஏஸ் போன்ற வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். நிறுவனத்தின் சர்வீஸ் மையமோ பெரும்பாலும் தொலைவில் உள்ள பெரு நகரத்தில் இருக்கும். ஆகவே கீழே சொல்லப்படும் வேலைகளில் முக்கால்வாசியை நீங்களே செய்யப் பழகிக்கொள்வதுதான் பணத்துக்கும் நேரத்துக்கும் நல்லது.

கையேடும் கணக்கு நோட்டும்

வண்டியோடு கொடுக்கப்படும் கையேட்டை முதலில் எடுத்து வையுங்கள். ஆயில் எத்தனை லிட்டர், எந்தத் தரம், டயரில் காற்று எவ்வளவு, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பன வண்டிக்கு வண்டி மாறுபடும். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் பொதுவானவை என்பதால், கையேடு வேறொன்றைச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

அந்தக் கையேட்டில் சர்வீஸ் கால அளவுகள் கிலோமீட்டரில் மட்டுமல்லாமல் மணி நேரத்திலும் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். தோப்புக்குள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சுமையோடு ஊர்ந்தால், 100 மணி நேரம் ஓடிய பிறகும் மீட்டர் 1,000 கிலோமீட்டரைத்தான் காட்டும். மோட்டார் சைக்கிளின் கணக்கில் அது மிகக் குறைந்த ஓட்டம். ஆனால் அந்த 100 மணி நேரமும் இன்ஜின் சூட்டோடும் சுமையோடும் சுழன்றுகொண்டேதான் இருந்திருக்கிறது. ஆகவே கிலோமீட்டரை நம்பி இருந்துவிடாமல் மணிக்கணக்கைப் பின்பற்றுங்கள். பல வண்டிகளில் மணி காட்டும் மீட்டர் இருக்கும். இல்லாத வண்டிக்கு அதைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

தூசி, சேறு, தண்ணீர், மெதுவான வேகத்தில் கனத்த சுமை ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு என்று வகைப்படுத்தி, அப்படிப்பட்ட இடங்களில் சர்வீஸ் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும் குறிப்பும் பல கையேடுகளில் உண்டு. பெரும்பாலானவர்கள் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை. செட்டிநாட்டில் ஓடும் வண்டிக்கு அதுதான் முதன்மையான வரி என்பது என் உறுதியான கருத்து. ஆனி ஆடிக் காற்றில் பறக்கும் புழுதியும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குழையும் சேறும் சேர்ந்த நம் பக்கத்து ஆண்டு முழுவதுமே கடுமையான பயன்பாட்டுக் காலந்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டை வண்டிக்கென்று ஒதுக்குங்கள். தேதி, மணி மீட்டர் எண், செய்த வேலை, மாற்றிய பொருள், விலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதினால் போதும். கடைக்கும் வீட்டுக்கும் பேரேடு எழுதிப் பழகிய ஊரில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் வண்டியை விற்க நினைத்தால் அந்த நோட்டே நல்ல விலையைப் பேசித் தரும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

காலையில் சாவியைப் போடுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில், கூலன்ட், பெட்ரோல் ஏதேனும் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு டயர்களையும் பார்வையிட்டு, சக்கர நட்டுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். புதிய வண்டியிலும், சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வண்டியிலும் முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு இவற்றை மறுபடியும் முறுக்கிச் சரிபார்ப்பது கட்டாயம். பிறகு ஏறி அமர்ந்து, கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திவிட்டு விடுங்கள். அது பட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினாலோ சிக்கிக்கொண்டாலோ கேபிளிலோ லீவரிலோ மண் புகுந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வண்டியைக் கிளப்பவே கூடாது. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி அப்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். பிரேக், விளக்கு, இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்சு ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் காலை வேலை முடிந்தது.

ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது என்பதையும், 16 வயதுக்கு உட்பட்டவர்களிடம் பெரியவர்களுக்கான ஏடிவியைக் கொடுக்கக் கூடாது என்று நிறுவனங்களே வண்டியில் எச்சரிக்கை ஒட்டியிருப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இந்த வண்டியின் சாவியைத்தான்.

ஏர் ஃபில்டர்: எல்லாவற்றுக்கும் முதலானது

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையை மட்டும்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நம் செம்மண் புழுதியில் நுண்ணிய மணல் துகள்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் உள்ள குவார்ட்ஸ், சாதாரண இரும்பைவிடக் கடினமானது. ஃபில்டரைத் தாண்டி அது இன்ஜினுக்குள் புகுந்துவிட்டால், சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் ரிங்கிலும் உப்புத்தாளைப் போல உரசி, ஆயிலோடு கலந்து மற்ற பாகங்களையும் தேய்க்கத் தொடங்கும். முதலில் இழுவை குறையும், பிறகு ஆயில் குறையும், கடைசியில் புகை வரும். அந்தக் கட்டத்தில் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஏடிவிகளில் பெரும்பாலும் ஸ்பாஞ்சு போன்ற ஃபோம் ஃபில்டர் இருக்கும். சிலவற்றில் காகித ஃபில்டர் இருக்கும். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம்; அழுக்கு ஏறிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ஃபோம் ஃபில்டரைக் கழுவி, ஆயில் தடவி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். காய்ந்த ஃபோம் தூசியைப் பிடிக்காது. அதில் ஊறியிருக்கும் ஆயில்தான் தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. கழுவிவிட்டு ஆயில் போடாமல் அப்படியே மாட்டுவது, ஃபில்டரே இல்லாமல் ஓட்டுவதற்குச் சற்றுத்தான் குறைவு.

வேலையைத் தொடங்கும் முன் சீட்டைச் சுற்றியும் ஃபில்டர் பெட்டியின் மூடியைச் சுற்றியும் உள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறந்தவுடன் அந்தத் தூசி முழுவதும் உள்ளே விழும். கிளிப்புகளைத் தளர்த்தி, ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மெதுவாக வெளியே எடுங்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் உடனே அடைத்துவிடுங்கள்.

ஃபோமை அதன் கூட்டிலிருந்து கழற்றி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். பெட்ரோலில் கழுவக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறமிருக்க, ஃபோமை ஒட்டியிருக்கும் பசையும் அதில் கரைந்துபோகும். துணியைப் பிழிவது போல முறுக்காமல், இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அமுக்கி அமுக்கி அழுக்கை வெளியேற்றுங்கள். முதல் தண்ணீர் செங்காவி நிறத்தில் வரும். நிறமே இல்லாமல் தெளிந்த நீர் வரும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு நிழலில் முழுவதுமாகக் காயவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை அளவு கிழிசல் தெரிந்தாலும், தையல் விட்டிருந்தாலும், விரல் பட்டவுடன் ஃபோம் பொடிந்து உதிர்ந்தாலும் அதை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

காய்ந்த ஃபோமை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு, ஃபோம் ஃபில்டருக்கென்று விற்கும் ஆயிலை அளவாக ஊற்றிப் பிசையுங்கள். அந்த ஆயில் கிடைக்காதபோது என்ன போடலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் இன்ஜின் ஆயிலையும், சில கியர் ஆயிலையும் அனுமதிக்கின்றன. எங்கும் ஒரே நிறமாக ஆயில் பரவியிருக்க வேண்டும். ஆனால் சொட்டக் கூடாது. மிஞ்சியதை அமுக்கி வெளியேற்றிவிட்டு, ஃபில்டரின் விளிம்பில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, எடுத்த படத்தைப் பார்த்து அதே நிலையில் பொருத்துங்கள். பெட்டியின் அடியில் உள்ள சிறு ரப்பர் குழாயில் தண்ணீரோ மண்ணோ சேர்ந்திருந்தால் அதையும் வடித்துவிடுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஒரு துண்டைக் கிழித்து விரலில் சுற்றி, ஃபில்டரைத் தாண்டிய பகுதியில், அதாவது இன்ஜின் பக்கம் உள்ள குழாயின் உட்புறத்தில், ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் ஃபில்டர் தன் வேலையைச் செய்கிறது. சிவப்பாக ஒரு கீற்று வந்தாலும், ஃபில்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது எங்கோ கிழிந்திருக்கிறது, அல்லது குழாயின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியை ஓட்டாதீர்கள்.

கோடையிலும் ஆடிக்காற்றுக் காலத்திலும் தினமும் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை இதைச் செய்வது மிகையில்லை. இரண்டு ஃபோம்களை வாங்கி வைத்துக்கொண்டால், ஒன்றைக் கழுவிக் காயவைக்கும்போது ஆயில் போட்டுத் தயாராக இருக்கும் மற்றதை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம். வண்டிக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

இன்ஜின் ஆயில்

புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும். பெரும்பாலான கையேடுகள் அதை 20 முதல் 25 மணி நேரத்துக்குள் செய்யச் சொல்கின்றன. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் நுண்ணிய உலோகத்தூள் அந்த ஆயிலில் இருக்கும் என்பதால், ஆயில் பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். அதன் பிறகான இடைவெளி 50 மணி நேரம், 100 மணி நேரம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதைத்தான் நாம் பாதியாக்கிக்கொள்கிறோம்.

பல வண்டிகளுக்கு 10டபிள்யூ-40 என்ற தடிமன் குறியீடு கொண்ட ஆயில் பொருந்தும். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இயங்கும் வண்டியானால் டப்பாவின் மேல் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான தரக்குறியீடான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கார் ஆயிலில் உள்ள சில சேர்மானங்கள் அத்தகைய கிளட்சை வழுக்கவைக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் நிறுத்துங்கள். அடியில் தட்டை வைத்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றிய மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஆயில் சூடாக இருக்கும், கையுறை அவசியம். முழுவதும் வடிந்த பிறகு பழைய வாஷரை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிய வாஷரோடு போல்ட்டை மாட்டி, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேடு சொல்லும் அளவுக்கு மட்டுமே முறுக்குங்கள். இன்ஜினின் கூடு அலுமினியம். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும், அதன் பிறகு அது பெரிய செலவு. ஆயில் ஃபில்டரையும் அதே நேரத்தில் மாற்றி, அதன் ரப்பர் வளையத்தில் ஒரு துளி புது ஆயிலைத் தடவிப் பொருத்துங்கள்.

குறிப்பிட்ட அளவில் சற்றுக் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவுகோலைப் பாருங்கள். சில வண்டிகளில் அளவுகோலைத் திருகாமல் வெறுமனே செருகிப் பார்க்க வேண்டும். சிலவற்றில் முழுவதும் திருகிய பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அளவு வேறுபடும் என்பதால் உங்கள் வண்டிக்கு எது என்பதை ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆயில் எப்போதாவது பால் கலந்த தேநீர் நிறத்தில் தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டியை அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். வடித்த ஆயிலைக் கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தோப்பு ஓரத்திலோ கண்மாய்க் கரையிலோ கொட்டினால், ஊருணிகளையும் கண்மாய்களையும் நம்பி வாழும் இந்த வறண்ட பகுதிக்கு நாமே கேடு செய்தவர்கள் ஆவோம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் முன், பின் டிஃபரன்ஷியலுக்கும் (இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) கியர் பெட்டிக்கும் தனித்தனி ஆயில் உண்டு. இவற்றை மாற்றும் இடைவெளி நீண்டது. ஆனால் மழைக்காலத்தில் தண்ணீரில் ஆழமாக இறங்கிய வண்டியானால், நாள் பார்க்காமல் திறந்து ஆயிலின் நிறத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

டயரும் கருவேல முள்ளும்

ஏடிவி டயருக்குக் காற்று மிகக் குறைவு. பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான்; சரியான எண்ணை வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காணலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் டயரை ரிம்மில் உட்காரவைக்கும்போது தாண்டக்கூடாத அளவைக் குறிப்பதாக இருக்கலாம். அதை ஓட்டும் அளவு என்று கொள்ளாதீர்கள். பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் உள்ள கேஜ் கார், லாரி டயர்களுக்கானது. அதில் 4-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாது. 5 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 1 பிஎஸ்ஐ கூடினாலும் அது 20 சதவீதப் பிழை. எனவே 10 பிஎஸ்ஐ வரை மட்டுமே காட்டும் குறைஅழுத்தக் கேஜ் ஒன்றை வண்டி வாங்கிய அன்றே வாங்கிவிடுங்கள். காற்றடிக்கக் கைப்பம்போ கால்பம்போ போதும். கம்ப்ரசரில் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தாலும் அளவு தாண்டிவிடும்.

காலை வெயில் ஏறும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவு பாருங்கள். இடது வலது டயர்களில் காற்று ஏற்றத்தாழ்வாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதைப் பெரிய கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் கேஜை வைத்துப் பார்த்துவிடுங்கள். மெத்தென்ற இந்த டயர்கள் மண்ணுக்கானவை. தார்ச்சாலையில் வேகமாக ஓட்டினால் டயரும் தேயும், திருப்பத்தில் வண்டியும் கவிழப் பார்க்கும்.

நம் பக்கம் கண்மாய் உள்வாயிலும் கரையிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதன் முள் காய்ந்துவிட்டால் ஆணிக்குச் சமம். டயரில் முள் தைத்திருப்பதைக் கண்டவுடன் பிடுங்கிவிடத் தோன்றும். பிடுங்காதீர்கள். பல நேரங்களில் அந்த முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட், அதாவது குத்தூசி, ரப்பர் திரி, பசை ஆகியவை கையில் இருக்கும்போது மட்டும் பிடுங்கி, உடனே திரியைச் செருகி அடைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இந்தக் கிட்டும் பம்பும் கேஜும் கொட்டகையில் இருந்து பயனில்லை. வண்டியின் பெட்டியில் இருக்க வேண்டும்.

பெல்ட்டும் செயினும்

கியர் மாற்றாமலே ஓடும் ஏடிவிகளில் பெரும்பாலானவை சிவிடி என்ற ரப்பர் பெல்ட் அமைப்பைக் கொண்டவை. இந்த பெல்ட்டுக்கு இரண்டு பகைகள்: சூடும் தண்ணீரும். தேங்காய் மூட்டையோடு மேடேறும்போதும், டிரெய்லரை இழுக்கும்போதும், நடக்கும் வேகத்தில் ஊரும்போதும் கியரை லோவில் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஹையிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பெல்ட் வழுக்கிச் சூடேறி, ரப்பர் தீயும் வாடை வரும். அந்த வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். அதன் பிறகு பெட்டியைத் திறந்து, பெல்ட்டில் வெடிப்பு, பிசிறு, ஓரத் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்த பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தியும் வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் இரைந்தால் பெல்ட் நனைந்திருக்கிறது. சிவிடி பெட்டியின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்தால் செந்நிறத் தண்ணீர் வடியும். அது நின்றதும் மூடியைப் போட்டு, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டிக் குறைத்து ஈரம் போகும்வரை ஓடவிடுங்கள். சிவிடிக்குக் காற்றுப் போகும் குழாயில் தனி ஃபில்டர் உள்ள வண்டியானால் அதையும் கழுவ மறக்காதீர்கள்.

சிறிய ஏடிவிகளில் செயின் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துத் துடைத்து, காய்ந்ததும் செயின் லூப் அடியுங்கள். அதிகமாக அடித்தால் புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும் என்பதால் மிஞ்சியதைத் துணியால் வழித்துவிடுங்கள். செயினின் தொய்வு பல வண்டிகளில் 3 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். கையேட்டு அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர்

தண்ணீரால் குளிரும் இன்ஜினானால், ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையே சேறும் புல்விதையும் அடைத்துக்கொள்கின்றனவா என்று வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். முன்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் உள்ளே அடைப்பு இருக்கக்கூடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகப் பாய்ச்சினால் அது வெளியேறும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைந்தால் அதே வகைக் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் கலந்து ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து குழாய்களை அடைத்துவிடும். குடிக்க எவ்வளவு இனிப்பானாலும் காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரும் இதற்கு உதவாது.

பிரேக், சக்கரம், கிரீஸ்

பிரேக் லீவரை அழுத்தும்போது ஸ்பாஞ்சை அமுக்குவது போல இருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்து 1 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்றுங்கள். நம் மண்ணில் இது மோட்டார் சைக்கிளைவிட வேகமாகத் தேயும். பிரேக் ஆயிலின் வகை மூடியிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் டாட் 4. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றவும், காற்று எடுக்கவும் மெக்கானிக்கையே நம்புங்கள்.

மாதம் ஒரு முறை வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தோட்டத்தில் கிடக்கும் செம்புறாங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பது வேண்டாம். அது சுமையில் திடீரென்று பிளந்துபோகக்கூடிய கல். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயின்டோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது முன்சக்கரத்தில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் டை ராடின் முனையைப் பார்க்க வேண்டும். அச்சுகளின் மேல் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையில் (பூட்) கருவேல முள் கிழித்திருக்கிறதா என்று விரலால் மடிப்புகளை விலக்கிப் பாருங்கள். கிழிந்த அன்றே உறையை மாற்றினால் செலவு உறையோடு போகும். விட்டால் உள்ளே மண் புகுந்து முழு அச்சையும் மாற்ற நேரிடும். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களிலெல்லாம் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை அடியுங்கள்.

கழுவுவதும் நிறுத்தி வைப்பதும்

செம்மண் சேறு காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும் என்பதால் அன்றைய சேற்றை அன்றே கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் மெஷினின் வேகமான பீச்சலைப் பேரிங், ரேடியேட்டர், மின் இணைப்புகள், ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சர் வாய் ஆகியவற்றின் மேல் நேராகப் பிடிக்கக் கூடாது. அடித்தகட்டுக்கு மேலேயும் சைலன்சரைச் சுற்றியும் சேர்ந்திருக்கும் காய்ந்த கோரை, பன்னாடை, தைலமரச் சருகு ஆகியவற்றைக் கையால் எடுத்துவிடுங்கள். சூடான சைலன்சரோடு அவை ஒட்டியிருந்தால் தீப்பிடிக்கும். வண்டியோடு தோப்பும் போகும்.

ஊரில் இல்லாமல் ஓரிரு மாதம் வண்டியை நிறுத்த நேர்ந்தால் பெட்ரோலைக் கவனியுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஃபியூயல் ஸ்டெபிலைசர் கலந்து டாங்கை நிரப்பி, அது எங்கும் பரவும்படி இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்; கார்புரேட்டர் வண்டியானால் அதன் கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி வையுங்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் சிறிய தானியங்கி சார்ஜரில் போடுங்கள். திரும்பி வந்து கிளப்பும் முன் ஃபில்டர் பெட்டிக்குள் அணில் நார் சேர்த்திருக்கிறதா, காற்றுக் குழாய்களின் முனையில் குளவி மண் அப்பியிருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தோப்புக் கொட்டகையில் இவை மூன்றும் வழக்கமாக நடப்பவை.

பட்டறைக்கு விட வேண்டியவை

வால்வ் இடைவெளியைச் சரிசெய்வது, ஃபியூயல் இன்ஜெக்ஷன் கோளாறு, டிஃபரன்ஷியல் சத்தம், பேரிங் மாற்றுவது ஆகியவற்றில் அனுபவம் இல்லாமல் கை வைக்க வேண்டாம். ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டியைக் கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டு, முன்னும் பின்னும் சேசிஸில் பட்டை போட்டுக் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் மட்டும் கயிறு கட்டினால் போதாது. வால்வ் இடைவெளியை இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க முடியும் என்பதால் முந்தின நாள் மாலையே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவது நல்லது. வண்டியை எடுக்கப் போகும்போது, அளந்தது எத்தனை மில்லிமீட்டர், சரிசெய்த பிறகு எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு எண்களையும் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அளக்கும்போது எந்த வால்வ் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அதிலிருந்துதான் தெரியும்.